பழைய காரில் தண்ணி ஆயில்

ஓய்வு பெற்ற கையோடு பணிமனைப் பிள்ளைகள் என்னையும் தங்கள் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். காலையில் போனைத் திறந்தால் யாராவது ஒருவன் ஏதாவதொரு எஞ்சினின் வயிற்றைத் திறந்து படம் போட்டிருப்பான். "அங்கிள், இது என்ன கோளாறு?" என்று கேட்டிருப்பான். தெரிந்தால் பதில் சொல்வேன். தெரியாவிட்டால் கும்பிடுகிற கை ஒன்றைப் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவேன்.

போன வாரம் ஒரு கேள்வி வந்தது. பெட்ரோல் மறுபடி ஏறிவிட்டது, பழைய கார் வைத்திருக்கும் ஒருவர் மைலேஜ் வேண்டும் மைலேஜ் வேண்டும் என்று உயிரை எடுக்கிறார், புது கார்களுக்கு ஊற்றுகிற லேசான ஆயிலை அவருக்கும் ஊற்றிவிடலாமா? கேட்டவன் கெட்டிக்காரப் பையன்தான். ஆனால் நான் பார்ப்பதற்குள் நான்கைந்து பேர் "ஊத்து, ஊத்து" என்று எழுதியிருந்தார்கள். "எஞ்சின் பஞ்சு மாதிரி ஓடும்" என்று வேறு ஒருவன் சேர்த்திருந்தான்.

போனும் கையுமாக வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தேன். ஒரு ஆயில் டப்பாவுக்கா இந்தப் பாடு என்று என் மனைவி கேட்டாள். ஆமாம், ஒரு ஆயில் டப்பாவுக்குத்தான். போனில் தட்டெழுதி முடிகிற விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பயந்து பயந்தே சம்பளம் வாங்கியவன். என் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து மீன்பிடி வேலைக்காகப் போர்ட் பிளேர் வந்தவர். எனக்குக் கடல் என்றால் பயம். அதனால்தான் கரையில் ஒரு வேலை தேடி, அரசாங்க வண்டிகள் பழுது பார்க்கிற பணிமனையில் உதவியாளாகச் சேர்ந்தேன். ஸ்பானர் துடைத்தது, டயர் உருட்டியது, திட்டு வாங்கியது எல்லாம் எல்லோருக்கும் உள்ளதுதான், விட்டுவிடுவோம். அங்கே எனக்கு மேலாளாக இருந்த ஃபோர்மேன் பிஸ்வாஸ் பாபுவைப் பற்றி மட்டும் சொல்லவேண்டும்.

வங்காளி. ஒல்லியான ஆள், சட்டையை எப்போதும் கழுத்துவரை பொத்தான் போட்டிருப்பார். ஒரு நாளும் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஆனாலும் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் எங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வண்டி உள்ளே வந்தால் பானெட்டைத் திறக்க விடமாட்டார். தானே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, சாவியைப் பாதி மட்டும் திருப்புவார். எஞ்சின் ஓடாது, எதிரே சிவப்பு விளக்குகள் மட்டும் எரியும். அதில் ஆயில் கேத்தலைப் போல ஒரு படம் இருக்கும், எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அது எரிகிறதா என்று பார்ப்பார். எரிந்தால் இறங்கி வருவார். எரியாவிட்டால் "இஸ்கா ஆங்க் நஹி ஹை" என்பார். இதற்குக் கண் இல்லை என்று அர்த்தம். கண்ணைப் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

அடுத்தது இன்னும் மோசம். எஞ்சினை நன்றாகச் சூடேறும் வரை ஓடவிடுவார். பிறகு ஆயில் அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டச் சொல்லி, அதை என் கையில் கொடுத்துவிட்டு, தான் முதுகைக் காட்டிக்கொண்டு துறைமுகத்தைப் பார்த்து நிற்பார். "போல்" என்பார், சொல் என்று. முள் நிற்கிற இடத்தை நான் சொல்லவேண்டும். அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னால், திரும்பிக்கூடப் பார்க்காமல் எஞ்சினை அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார். சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரியும். எஞ்சின் ஆறி, மறுபடி சூடேறி, நான் சரியாகச் சொல்லும் வரை அந்த வண்டி அங்கேயே கிடக்கும். எந்த ஆயில் ஊற்றுவது என்று கடைசியில் அவர் சொல்வது அந்த முள்ளைப் பார்த்துத்தான். பழைய ஆயிலை விரலில் தொட்டு வெயிலில் காட்டி, உலோகத் தூள் மினுங்குகிறதா என்று வேறு பார்ப்பார்.

நான் எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பேன். அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் டர்போக். இந்தியில் கோழை. "ஏ டர்போக், இதர் ஆ" என்று பெரிய அதிகாரிகள் முன்னாலேயே கூப்பிடுவார். கொஞ்ச காலம் அவமானமாக இருந்தது. பிறகு முக்கியமான வண்டி எது வந்தாலும் "டர்போக் கோ தோ" என்று என்னிடம் தள்ளிவிடுவதைக் கவனித்தேன். அதன்பிறகு அந்தப் பெயர் எனக்கு உறைக்கவில்லை.

இப்போது ஆயில் விஷயம். எஞ்சின் உள்ளே சுழல்கிற தண்டுக்கும் அதைத் தாங்குகிற பேரிங்குக்கும் நடுவில் தலைமுடி நுழைய இடமில்லாத ஒரு இடைவெளி இருக்கிறது. ஆயில் அதில் போய் நின்று இரும்பும் இரும்பும் தொடாமல் பார்த்துக்கொள்கிறது. புது எஞ்சினில் இடைவெளி சின்னது, ரசம் மாதிரித் தண்ணி ஆயிலே போதும். சுழல்வதற்கும் லேசு, பெட்ரோலும் கொஞ்சம் மிச்சம், மறுக்கவில்லை. ஓடித் தேய்ந்த எஞ்சினில் அந்த இடைவெளி அகலமாகிவிடும். அங்கே ரசம் நிற்குமா? வழிந்து ஓடிவிடும். பருப்பு மாதிரிக் கெட்டியாக இருந்தால்தான் நிற்கும். வண்டி வேகமாக ஓடும்போது பம்ப் இழுத்துத் தள்ளுவதால் எப்படியோ சமாளிக்கும். சூடேறிய எஞ்சின் மெதுவாக ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும்.

அது வெளிப்பட்டால் சொல்லத்தான் அந்தச் சிவப்பு விளக்கு. ஆனால் எங்கள் தீவில் அந்த விளக்கை யாரும் நம்புவதில்லை. உப்புக்காற்று ஒயர் முனையை அரித்துவிடும், விளக்கு சும்மா சும்மா எரியும். அதை எரிய வைக்கிற சுவிட்ச் புதிதாக வேண்டுமென்றால் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். அதுவரை கண்ணை உறுத்துகிறதே என்று பல்பைப் பிடுங்கிவிடுவார்கள். வேறு ஊர்க்காரன் யாரும் இதைச் செய்வானா என்று எனக்குத் தெரியாது. இங்கே படித்தவர், படிக்காதவர், போலீஸ்காரர், பாதிரியார் எல்லோரும் செய்வார்கள்.

என் பணியின் கடைசி வருடத்தில் பெட்ரோல் விலை ஏறு ஏறென்று ஏறியது. எங்களுக்கு உப்பு முதல் சிமெண்ட் வரை கப்பலில் வருவது. எண்ணெய் விலை ஏறினால் தக்காளியும் கூட ஏறும். ஜனங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டினார்கள். ஏதோ மாத்திரையைப் பெட்ரோல் டேங்கில் போட்டார்கள். தெருவில் பார்க்கிறவனெல்லாம் "மிஸ்திரி, எந்த ஆயில் ஊத்தினா மைலேஜ் வரும்?" என்று மறித்தான். பழைய வண்டிக்குப் பழைய கெட்டி ஆயிலே ஊற்று, டயரில் காற்று சரியாக வை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. நான் ஏதோ ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

அந்தச் சமயத்தில் ரங்கத்தில் ஒரு அரசாங்க ஜீப் பழுது என்று என்னை அனுப்பினார்கள். மத்திய அந்தமானில் இருக்கிற ஊர். வேலையை முடித்துவிட்டு, பஸ் பிடிக்கக் காலையில் கடைத்தெருவுக்கு வந்தேன். அங்கே துணிக்கடை வைத்திருக்கும் காசிம் பாய் ஓட்டமும் நடையுமாக வந்து என் கையைப் பிடித்தார். ராமநாதபுரத்துக்காரர், எனக்கு ரொம்ப நாள் பழக்கம். அவருடைய பழைய பெட்ரோல் காரைப் போர்ட் பிளேரில் பார்த்து வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் கெட்டி ஆயில் ஊற்றி அனுப்புவேன்.

"அண்ணே, அல்லாஹ்தான் உங்கள இங்க கொண்டாந்து விட்டான். நசீமாவுக்கு பிரஷர் ஏறிக்கிட்டே போவுது. வலியும் கண்டுருச்சு. டாக்டரம்மா பிளேருக்குக் கொண்டு போங்க, லேட் பண்ணா ஃபிட்ஸ் வந்துரும்னு சொல்றாங்க. ஆம்புலன்ஸ் இன்னொரு கேஸோட போயிருச்சு. மழைக்கு ஹெலிகாப்டரும் இல்லயாம். நீங்க கூட வாங்கண்ணே, எனக்குக் கையே ஓடல."

நசீமா அவருடைய ஒரே மகள். தலைப்பிரசவம். மாப்பிள்ளை சென்னையில் வேலையாக இருந்தார். கார் ஏற்கெனவே ஆஸ்பத்திரி வாசலில் ஓடிக்கொண்டு நின்றது. பின்சீட்டில் அவள் தன் உம்மாவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். முகம் உப்பி, கண் பாதி மூடியிருந்தது. நான் முன்னால் ஏறினேன், பாய் வண்டியை எடுத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் சாவியைப் பாதி திருப்பிப் பார்க்கிற வேலையே இல்லாமல் போயிற்று.

பாராடாங் வரை எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மழை சத்தம், பாயின் துவா, நசீமாவின் முனகல். அங்கே நீலாம்பூர் ஜெட்டி என்கிற படகுத்துறையில், வண்டிகளை அக்கரைக்கு ஏற்றிச் செல்லும் ஃபெர்ரிக்காக வரிசையில் நின்றோம். ஃபெர்ரி அக்கரையில் இருந்தது. மழை விட்டிருந்தது. நின்ற இடத்தில் எஞ்சின் மெதுவாக ஓடியது. அப்போதுதான் கேட்டது. மேலே டிக் டிக் என்று ஒரு சத்தம். அதற்கும் கீழே, எஞ்சினின் அடிவயிற்றில், டொக், டொக்.

கையை நீட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தேன். பிறகு பாதி மட்டும் திருப்பினேன். சிவப்பு விளக்குகள் எல்லாம் எரிந்தன, ஆயில் விளக்கைத் தவிர.

"பாய், இந்த லைட்டு எங்க?"

"அது சும்மா சும்மா எரிஞ்சு பொய் சொல்லுதுண்ணே. எலக்ட்ரீஷியன் பல்பை நிகால் பண்ணிட்டான்."

"எப்போலேருந்து எரிஞ்சுது?"

பாய் பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினார். முகம் மாறியது. "ஆயில் மாத்தினதுலேருந்துண்ணே."

"என்ன ஆயில்?"

"மெட்ராஸ்ல மச்சான் புது காருக்கு ஊத்துறது. பெட்ரோல் விக்கிற விலையில... அவருதான் மைலேஜ் அள்ளும்னாரு. கப்பல்ல கொண்டாந்தேன். உங்ககிட்ட கேட்டா வேணாம்பீங்கன்னுதான்..."

முடிக்கவில்லை. பின்னாலிருந்து அவர் மனைவி, "என்னங்க? வண்டி போவாதா?" என்று கேட்டார். நான் கதவைத் திறந்து இறங்கினேன்.

இங்கே பாதையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். அக்கரையில் இறங்கினால் அங்கிருந்து ஜிர்காடாங் செக்போஸ்ட் வரை ஜாரவா பழங்குடி மக்களின் காடு. அவர்கள் வீடு அது, நாம் வழிப்போக்கர்கள். அதனால் வண்டிகள் தனியாகப் போகக்கூடாது. முன்னும் பின்னும் போலீஸோடு கான்வாயாகப் போகவேண்டும். நிற்கக்கூடாது, இறங்கக்கூடாது, முந்தக்கூடாது. ஜன்னல் கண்ணாடி மேலே ஏற்றியே இருக்கவேண்டும். அன்றைக்கு அது கடைசி கான்வாய். தவறவிட்டால் மறுநாள் காலைதான். நடுக்காட்டில் வண்டி நின்றால் யாரும் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள்தான். ஆனால் பின்னால் வரும் போலீஸ் வண்டி வந்து, பேசி, இடம் பார்த்து, படுத்த படுக்கையான பெண்ணை மாற்றி ஏற்றி... அதற்குள் ஃபிட்ஸ் வந்தால்? வேறு வண்டியில் இப்போதே ஏற்றலாமா என்று வரிசை முழுக்க ஓடிக் கேட்டேன். டூரிஸ்ட் கார்கள் நிரம்பி வழிந்தன. பஸ்ஸில் நிற்கவே இடமில்லை, அவளால் உட்காரவும் முடியாது.

அன்றைக்கு நான் பட்ட பயத்தை என்னால் சரியாக எழுத முடியவில்லை. ஒரு எஞ்சினுக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று கேஜ் இல்லாமல், விளக்கு இல்லாமல், காதை மட்டும் வைத்துச் சொல்லவேண்டும். சொல்லத் தவறினால் இரண்டு உயிர். பிஸ்வாஸ் பாபு முதுகைக் காட்டிக்கொண்டு "போல்" என்று நிற்கிற மாதிரியே இருந்தது.

ஜெட்டியின் ஓரத்தில் மீன்பிடி தோங்கி ஒன்று கட்டியிருந்தது. டீசல் மோட்டார் வைத்த சின்னப் படகு. அந்த மோட்டாருக்கு நாற்பது நம்பர் ஆயில் ஊற்றுவார்கள், நல்ல கெட்டி. காருக்கு உரியது அல்ல, யாரும் ஊற்றச் சொல்லவும் மாட்டார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. படகில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த தெலுங்கு மீனவரிடம் போய், "பாயி சாப், சாலீஸ் நம்பர் தேல் ஹை?" என்றேன். நாற்பது நம்பர் எண்ணெய் இருக்கிறதா என்று. என் முகத்தைப் பார்த்தவர் காரையும் பார்த்தார். உள்ளே ஒரு பெண் படுத்திருப்பது தெரிந்திருக்கவேண்டும். கேனை எடுத்துக் கையில் கொடுத்தார்.

பஸ் டிரைவரிடம் ஸ்பானர் வாங்கிக்கொண்டு, சேற்றில் மல்லாந்து படுத்து, காரின் அடியில் போனேன். எஞ்சின் அடியில் ஆயிலை வடிக்கிற போல்ட்டைத் திறந்ததும் ஆயில் கொதிக்கக் கொதிக்க என் மணிக்கட்டில் ஊற்றியது. தண்ணியாய் ஓடியது. அதைப் பார்த்தே எனக்கு அழுகை வந்தது. பாதிக்கு மேல் வழியவிட்டு மூடினேன். மேலே வந்து கெட்டி ஆயிலை ஊற்றினேன். அது இறங்குவதற்குள் ஃபெர்ரி இக்கரை வந்துவிட்டது. "ஜல்தி, ஜல்தி" என்று கத்தினார்கள்.

"நகருங்க பாய், நான் ஓட்டுறேன்."

எஞ்சின் பிடித்தது. கீழே டொக் சத்தம் குறைந்திருந்தது. நின்றிருந்தது என்று சொல்லமாட்டேன், குறைந்திருந்தது.

அக்கரையில் இறங்கியதும் கான்வாய் கிளம்பியது. நாங்கள் கடைசியிலிருந்து இரண்டாவது. எங்களுக்குப் பின்னால் போலீஸ் ஜீப். கண்ணாடிகளை ஏற்றினோம். ஏற்றியதும்தான் எனக்கு அடுத்த பயம் வந்தது. எஞ்சின் சத்தம் பாதி அடங்கிவிட்டது, எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. விளக்கும் இல்லை, சத்தமும் இல்லையென்றால் எதை வைத்து ஓட்டுவேன்? செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் அழுத்தி வைத்தேன். அடிவயிற்றுச் சத்தம் காலுக்கு வரும் என்று ஒரு நம்பிக்கை. ஏ.சி.யை அணைத்தேன். உள்ளே வெந்தது.

இறக்கத்தில்கூட இரண்டாவது கியரிலேயே வைத்து எஞ்சினை வேகமாக ஓடவிட்டேன். வேகம் குறைந்தால் ஆயில் அழுத்தம் விழுந்துவிடும். எந்தப் பெட்ரோலை மிச்சம் பிடிக்க இவ்வளவும் நடந்ததோ, அந்தப் பெட்ரோல் குடம் குடமாகப் போனது. பாய் பெட்ரோல் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தார். வாய் விட்டு ஓதத் தொடங்கினார். பின்னால் அவர் மனைவி அழுதார். நசீமாவுக்கு வலி வரும்போதெல்லாம் "உம்மா" என்று அலறினாள்.

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த அலறலில் எஞ்சின் எங்கேயோ போய்விட்டது. ஒரு வளைவில் காலடியில் அந்த டொக் வந்த மாதிரியும் இருந்தது, வராத மாதிரியும் இருந்தது. என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"யாரும் சத்தம் போடாதீங்க! எஞ்சின் கேக்கணும் எனக்கு! கேட்டாத்தான் ஓட்ட முடியும்!"

பிரசவ வலியில் இருக்கிற பெண்ணிடம் சத்தம் போடாதே என்று சொல்கிறவனை என்னவென்று சொல்வது? ஆனால் சொல்லிவிட்டேன். காருக்குள் அமைதி விழுந்தது. பாயின் உதடு மட்டும் அசைந்தது. கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். நசீமா தன் துப்பட்டாவைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். வலி வந்தது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. உம்மாவின் கையை நகம் பதியப் பிடித்தாள். ஒரு சத்தம் வரவில்லை.

அதன்பிறகு எனக்கு எல்லாமே கேட்டது. டொக், டொக் என்று மெலிசாக, ஏற்றத்தில் கூடி, இறக்கத்தில் குறைந்து.

பாதிக் காட்டில் முன்னால் வண்டிகள் நின்றன. மழையில் மரம் ஒன்று சாய்ந்து பாதையில் விழுந்திருந்தது, அப்புறப்படுத்திக்கொண்டிருந்தார்கள். நான் பயந்தது இதற்குத்தான். நின்றால் எஞ்சின் மெதுவாக ஓடும், மெதுவாக ஓடினால் ஆயில் நிற்காது. அணைக்கலாமா? அணைத்தால் பேரிங் பிடித்துக்கொண்டு மறுபடி கிளம்பாமலே போகலாம். நியூட்ரலில் போட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தேன். கார் நின்ற இடத்தில் உறுமியது.

பின் ஜீப்பிலிருந்து ஒரு போலீஸ்காரர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். "ரேஸ் க்யோன் மார் ரஹே ஹோ? பந்த் கரோ!" ஏன் இப்படி முறுக்குகிறாய், அணை என்கிறார். விரலளவு கண்ணாடியை இறக்கினேன். எனக்கு இந்தி நன்றாகவே வரும், அன்றைக்கு வரவில்லை. "சாப், பந்த் கரேகா தோ கதம். பீச்சே டெலிவரி கேஸ்" என்று மட்டும் சொன்னேன். அணைத்தால் முடிந்தது, பின்னால் பிரசவக் கேஸ். அவர் குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். வாயில் துணியோடு அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஓடிப்போய் ஒயர்லெஸ்ஸை எடுத்தார்.

மரத்தை நகர்த்தி வண்டிகள் கிளம்பியபோது டொக் சத்தம் பெரிதாகிவிட்டது. காலுக்கு மட்டுமில்லை, இப்போது ஸ்டியரிங்கிலும் அடித்தது. எனக்குத் தெரிந்துவிட்டது, இது ஊர் போய்ச் சேராது. ஜிர்காடாங் வரை மட்டும் போ என்று அந்த எஞ்சினிடம் மாதாவிடம் கேட்பதைப் போலக் கேட்டேன். மாதாவிடமும் கேட்டேன். கடைசி ஏற்றத்தில் எஞ்சினுக்குள் தகரத்தை அடிப்பது போலச் சத்தம். பாய் என் தொடையைப் பிடித்துக்கொண்டார், அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

ஏற்றம் முடிந்து ஜிர்காடாங் செக்போஸ்ட் தெரிந்தது. கேட் திறந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம், ஒயர்லெஸ்ஸில் சொல்லி வரவழைத்த ஆம்புலன்ஸ் சிவப்பு விளக்கோடு நின்றது. கேட்டைத் தாண்டி அதன் பக்கத்தில் கொண்டு போய் நிறுத்தினேன். காலை எடுத்ததும் எஞ்சின் ஒரு குலுக்கல் குலுக்கித் தானே நின்றது. நான் சாவியைத் தொடவே இல்லை.

யாரும் பேசவில்லை. காடு முழுக்கச் சத்தம் போடாமல் வந்த பழக்கம். பின்சீட்டில் துணியை வாயிலிருந்து எடுக்கிற அசைவு கேட்டது. பிறகு மூச்சே இல்லாத ஒரு குரல்.

"மாமா... இப்ப கத்தலாமா?"

"கத்தும்மா. நல்லா கத்து" என்றேன்.

கத்தினாள். செக்போஸ்ட் ஆட்கள் எல்லாம் ஓடி வந்தார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, பாயும் அவர் மனைவியும் கூட ஏறி, ஆம்புலன்ஸ் போய்விட்டது. நான் மட்டும் அந்தக் காரோடு நின்றேன். மணிக்கட்டில் கொப்புளம், காலில் செருப்பில்லை. போனில் சிக்னல் இல்லை. அவள் பிழைத்தாளா என்று தெரியாமல் சாலையோரம் உட்கார்ந்திருந்த அந்த நேரம்தான் என் வாழ்க்கையிலேயே நீளமானது. அந்த வழியாக வந்த ஒரு லாரியில் ஏறி ஊர் வந்து, நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாய் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கட்டிக்கொண்டு, "பொம்பளப் புள்ள அண்ணே. ரெண்டு பேரும் நல்லாருக்காக" என்றார்.

எஞ்சினைப் பிறகு நான்தான் பிரித்தேன். பேரிங் வழுவழுப்பெல்லாம் போய்ச் செம்பு நிறத்தில் தேய்ந்து, தண்டோடு ஒட்டிக்கிடந்தது. என்னோடு நின்று பார்த்த பையன்கள், இது எப்படிக் காட்டைத் தாண்டியது என்று கேட்டார்கள். எனக்கும் தெரியாது. பாய் அந்தக் காரை விற்கவில்லை, வேறு எஞ்சின் போட்டு வைத்திருக்கிறார். இன்றைக்கும் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினால் முதலில் சாவியைப் பாதி திருப்பி, "அண்ணே, எரியுது பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் இறங்குவார்.

குழுவில் கேட்ட பையனுக்கு இதுதான் பதில். ஊற்றாதே. எஞ்சினைச் சூடேற்றிக் கேஜைப் போட்டுப் பார், முள்ளைப் பார்த்து ஆயிலை முடிவு செய். அதற்கும் முன்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார். எரியாவிட்டால் அந்த வண்டியை வெளியே விடாதே. கஸ்டமர் உன்னைக் கோழை என்பார், சொல்லிவிட்டுப் போகட்டும்.

போன பெருநாளுக்கு நசீமா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஷாதிபூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிரியாணித் தூக்கை மேசையில் வைப்பதற்குள் அந்தக் குட்டி ஏதோ ஒரு பொம்மைக்காக வீடே அதிர அலறத் தொடங்கிவிட்டாள். என்ன குரல் அது! பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நசீமாவுக்குச் சங்கடமாகிவிட்டது. "ஷ்ஷ், சத்தம் போடாதடி, தாத்தா வைவாரு" என்று வாயைப் பொத்தப் போனாள்.

நான் அவள் கையைப் பிடித்து விலக்கினேன்.

"விடும்மா. கத்தட்டும்."